ஓடும் மணலில் ஓர் ஓணான்

லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் குடியேறிய எம்மவர்கள் விடுமுறை என்றால் கடற்கரைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் டிஸ்னிலாந்துக்குப் போவார்கள். இரண்டாவதற்குப் போனால் ஒரு கிழமைச் சம்பளம் காலி. நாங்கள் சென்ற சித்திரை மாதம் இடியப்பத்தையும் சம்பலையும் கட்டிக்கொண்டு, பத்தாம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணித்தியாலம் ஓடி, கோச்செல்லா பள்ளத்தாக்கைப் பார்த்து வந்தோம்.

சான் கோர்கோனியோ கணவாயில் காற்று காரையே தள்ளும். இரு பக்கமும் காற்றாலைகள். கணவாயைத் தாண்டினால் பாம் ஸ்பிரிங்ஸ், அதற்கப்பால் தௌசண்ட் பாம்ஸ். அங்கே பாலைவனத்தின் நடுவில் ஒரு பனந்தோப்பு! எங்கள் பனை அல்ல, ஆனால் அதே விசிறி ஓலை. காய்ந்த ஓலைகள் விழாமல் மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குகின்றன. சான் அன்றியாஸ் என்ற நிலப்பிளவு நிலத்தடி நீரை மறித்து மேலே கொண்டுவருவதால்தான் இந்த மரங்கள் அங்கே நிற்கின்றன.

தோப்புக்குத் தெற்கே மணல்மேடுகள். அங்கேதான் அந்த ஓணானைக் கண்டோம். ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் "குஞ்சவிரல் ஓணான்". 1895இல் கோப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு வைத்த லத்தீன் பெயரில் "அலங்காரமற்றது" என்ற சொல் வருகிறது. உலகத்தில் இந்த ஒரு பள்ளத்தாக்கில் மட்டுமே வாழ்கிறது. வாலை விட்டால் ஒரு சாண்கூட வராது. மணல் நிறம். அசையாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மகள் ஒரு அடி கிட்டப் போனாள். ஓடியது, தலையைக் குத்தியது, காணவில்லை. "அப்பா, எங்கே போட்டுது?" என்று கேட்டபடி நின்றாள். மணலில் ஒரு சின்னச் சுருக்கம் மட்டும்.

எங்கள் வேலைத்தலத்தில் தூசுக்கு முகமூடி தருவார்கள். இந்தப் பிராணிக்கு அதெல்லாம் உடம்போடு பிறந்தது. மூக்கை மூடிக்கொள்ளும். காதுக்கு மடல் உண்டு. கண்ணிமைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மணலைத் தடுக்கும். கீழ்த்தாடை மேல்தாடைக்குள் அடங்கியிருப்பதால் மணலுக்குள் பாயும்போது வாய்க்குள் மணல் போகாது. தலை ஆப்பு மாதிரி. விரல்களின் ஓரத்தில் செதில்கள் குஞ்சம் போல நீட்டிக்கொண்டிருப்பதால் கால் புதையாமல் ஓடுகிறது. மணலுக்குள் நீந்துகிறது என்றே சொல்லலாம்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது மணல்தான். அது ஓரிடத்தில் கிடக்கிற மணல் அல்ல. எப்போதாவது வரும் மழைவெள்ளம் இண்டியோ குன்றுகளிலிருந்து கல்லையும் மண்ணையும் இறக்கிப் பரப்பும். வடமேல் காற்று அதிலிருந்து மெல்லிய மணலைப் பிரித்துக் கொண்டுபோய்க் குவிக்கும். குவித்ததையே பிறகு அள்ளிக்கொண்டும் போகும். புதுமணல் வருவது நின்றால் பருமணலும் இறுகிய தரையுமே மிஞ்சும். அதற்குள் ஓணானால் புக முடியாது. ஆகவே மேட்டைச் சுற்றி வேலி அடைத்தால் போதாது. மேலே ஒருவர் வீடு கட்டினாலும் கீழே இதன் வீடு போய்விடும். ரயில் பாதையோரம் காற்றை மறிக்க நட்ட தமரிஸ்க் மரங்களும் மணலைப் பிடித்துவைக்கின்றன. மணற்காட்டுச் சவுக்கந்தோப்பைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பள்ளத்தாக்கு முழுவதும் வீடுகளும், நூற்றுக்கு மேற்பட்ட கோல்ஃப் மைதானங்களும். மணல்மேடுகளில் பெரும்பகுதி அவற்றுக்கு அடியில் போய்விட்டது. 1980இல் அரசாங்கம் இந்த ஓணானைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 1986இல் ஒரு ஒப்பந்தம் வந்தது: கட்டிடக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வேறிடத்தில் கட்டலாம், மூன்று இடங்களில் மணல்மேடுகள் பாதுகாக்கப்படும். பேரம்தான், ஆனாலும் வெறுங்கையை விட மேல். மணல் வரும் வழிகளையும் காக்கவேண்டும் என்பது 2008இல் வந்த பெரிய திட்டத்தில் இன்னும் தெளிவாகச் சேர்க்கப்பட்டது. அது 27 உயிரினங்களுக்கான திட்டம்.

போக விரும்புபவர்கள் சித்திரை, வைகாசியில் காலை வேளையில் போங்கள். குளிர்காலத்தில் பனையைப் பார்க்கலாம், ஆனால் ஓணான் மணலுக்குள் தூங்கும். ஆடி, ஆவணியில் குழந்தைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம். வெயில் 45 பாகையைத் தாண்டும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, மூடிய சப்பாத்து. பாதையை விட்டு இறங்கவேண்டாம், காலடிக்குக் கீழே அது படுத்திருக்கக்கூடும்.