ஆரணியாறு சேரும் ஊரில் ஒரு பாட்டியின் சுவடு!

ஆரணி என்றதும் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொரு ஆரணி உண்டு. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றின் கரையில் இருக்கும் பேரூராட்சி. இங்கேயும் தறிச் சத்தம் கேட்கும். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் லாரிகளின் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

ஆந்திர மலைகளில் பிறக்கும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி எனத் தொட்டுக்கொண்டு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆற்றோடு கூடவே போனால், சுமார் 400 வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கேயே மண்ணாகிப்போனவர்களின் கல்லறைகள் முன் போய் நிற்கலாம்.

துணிக்காக வந்தவர்கள்

போர்த்துகீசியர்களுக்குப் பிறகு பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்கள், 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். தங்கள் நாட்டு மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர். சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். 1690-ல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அவர்களை இங்கே இழுத்தது துணி. சுற்றுவட்டார நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, நெய்த துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தத் துணியைக் கொடுத்து மிளகு, ஜாதிக்காய், கிராம்பு வாங்கினார்கள். இடையில் நின்று வியாபாரத்தை நடத்தியவர்கள் அச்சுதப்பா செட்டி, மலையா செட்டி, சின்னண்ணா போன்ற உள்ளூர் பெருவணிகர்கள். நாம் பேசும் 'துட்டு'கூட டச்சுக் காசின் பெயரிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள் மொழியறிஞர்கள்.

கப்பலில் துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகப் போனார்கள். அந்தக் கதையில் ஒரு பெண்ணைப் பிறகு பார்ப்போம்.

எலும்புக்கூடுகள் காக்கும் வாசல்

கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். ஆனால், டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பங்கள். உள்ளே போனால் குடும்பச் சின்னங்கள், பூவேலைப்பாடுகள், டச்சு எழுத்துகள் செதுக்கிய கல் பலகைகள். பெயர், பதவி, இறந்த தேதி, வயது என்று ஒரு வாழ்க்கையின் சுருக்கம் கல்லில் இருக்கிறது.

உப்புக்காற்று கல்லை விடுவதில்லை. நல்லவேளையாக, தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரே 1897-லும், ஜே.ஜே.காட்டன் 1905-லும் வெளியிட்ட நூல்களில் இந்தக் கல்வெட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள். முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு முதல் படி பெரும்பாலும் இந்தப் பக்கங்கள்தான்.

இனிஷியல் போட்ட டச்சுக்காரர்கள்

இரண்டாவது படியில்தான் சிக்கல் வரும். அந்தக் காலத்து சாதாரண டச்சுக்காரர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'யான்ஸ்' என்றால் யானின் மகன். நம் ஊர் இனிஷியல் மாதிரி, அப்பா பெயர்தான் பின்னால் வரும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். எனவே, பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை பின்னால் போவது கஷ்டம். ஊர்ப் பெயரும் மாறியிருக்கும். பழவேற்காட்டை அவர்கள் 'பலியகட்டா' என்று எழுதினார்கள். இது தெரியாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

தெரிந்தால் கடலே திறக்கும். கம்பெனி விட்டுப்போன காகிதங்கள் சுமார் 2.5 கோடி பக்கங்கள். நெதர்லாந்தின் தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், நம் சென்னை ஆகிய இடங்களின் ஆவணக் காப்பகங்களில் அவை இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

18-ம் நூற்றாண்டில் கம்பெனிக் கப்பல்களில் ஏறியவர்களின் சம்பளப் பேரேடுகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எந்த ஊர்க்காரர், எந்தக் கப்பல், என்ன வேலை, எப்போது கணக்கு முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பழவேற்காட்டு கத்ரைன்

வந்த ஆண்களைக் கண்டுபிடிக்கலாம். அவர்கள் குடும்பம் நடத்திய இந்த ஊர்ப் பெண்கள்? பெரும்பாலும் பெயரே இருக்காது. ஞானஸ்நானத்தோடு ஓர் ஐரோப்பியப் பெயர் வந்து, பழைய பெயர் மறைந்துவிடும்.

அபூர்வமாக ஒருத்தியின் தடம் தப்பியிருக்கிறது. ஆவணங்களில் அவள் பெயர் 'கத்ரைன் வான் பலியகட்டா'. அதாவது, பழவேற்காட்டு கத்ரைன். இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில் அடிமையாக இருந்தவள். தன்னைத் தாக்கிய ஒருவனை எதிர்த்தபோது அவன் இறந்துபோக, 1656-ல் அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே கோட்டையில் துணி வெளுக்கும் வேலை.

ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கும் அவளுக்கும் பிறந்த மகனுக்கு 1669-ல் ஞானஸ்நானம் நடந்தது. பெயர் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். 1671-ல் கத்ரைன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு வங்காளத்துக்காரரை மணந்தாள். மகன் வளர்ந்து, ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பெண்ணைக் கைப்பிடித்தான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற குடும்பப் பெயரோடு இருக்கும் வெள்ளையர்கள் பலருக்கு, குடும்ப மரத்தின் வேரில் நிற்பவள் இந்தப் பழவேற்காட்டுக்காரிதான்.

நிறவெறிச் சட்டங்கள் இருந்த நாட்டில் இப்படியொரு பாட்டியைப் பற்றி யார் வாய்விட்டுப் பேசியிருப்பார்கள்? தேவாலயப் பதிவேடும் நீதிமன்றக் கட்டும் அவளைக் காத்து வைத்திருந்தன. குற்றவாளி என்று எழுதிவைத்ததால்தான் அவள் பெயர் நமக்குக் கிடைத்தது என்பது எவ்வளவு பெரிய விநோதம்!

சொத்தும் சொந்தமும்

தேவாலயப் பதிவு இல்லாத இடத்தில் சொத்துப் பதிவு கைகொடுக்கும். இலங்கையில் டச்சுக்காரர்கள் 'தோம்பு' என்ற பதிவேடுகளை வைத்திருந்தார்கள். ஒன்றில் குடும்பத்து ஆட்களின் பெயர்கள்; மற்றொன்றில் அவர்களுடைய நிலங்கள். யாழ்ப்பாணத் தமிழில் தோம்பு என்ற சொல் இன்னும் வாழ்கிறது. கம்பெனி ஊழியர் இறந்தால் வீடு, கட்டில், பாத்திரம் என்று எழுதும் பட்டியலில் அடிமைகளின் பெயர்களும் வரும். சொத்துக் கணக்கில் ஏறியதால் மட்டுமே தெரியவரும் மனிதர்கள் அவர்கள்.

நம் பக்கமும் வழி இருக்கிறது. 1760-களின் கடைசியில் தொடங்கி, தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரமான தமிழ்க் கணக்கு ஓலைகள் பல இன்றும் இருக்கின்றன. ஆரணி, பொன்னேரி பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் தாத்தாவைத் தேடவும் இதே முறைதான். வீட்டில் இருக்கும் தாய்ப்பத்திரத்தில் தொடங்க வேண்டும். அதில் 'இன்னார் மகன் இன்னார்' என்று வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு படி. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நில அளவைப் பதிவேடு, கடைசியாக எழும்பூர்.

ஒரு எச்சரிக்கை. பழைய பத்திரத்தில் பெயர் இருப்பதால் இன்றைய நிலத்துக்கு உரிமை வந்துவிடாது. உறவைத் தெரிந்துகொள்ளும் தேடலாக இருந்தால் நிம்மதி.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கினால், பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. காலையிலேயே போனால் வெயிலுக்கு முன் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம், எலும்புக்கூடுகளை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கல்லறைகளில் வந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. துணி நெய்தவர்களுக்கும், கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கும் அங்கே கல் கிடையாது. கத்ரைனுக்கும் கிடையாது. அவளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.