வாவிக்கரைக் கிணறுகள்

மட்டக்களப்பு என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன பாடும் மீன்களே. நிலாக் காலத்திற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் ஊன்றி, அதன் காம்பிற் செவியை வைத்துக் கேட்டவர் பலர். கேட்டதாகச் சொல்பவர் அவரினும் பலர். யாம் இங்குக் கூறப் புகுந்தது மீனின் பாட்டன்று; அவ்வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் மக்கள் பருகும் நீரைப் பற்றியது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் மேற்கே படுவான்கரை. வயலும் குளமும் அதன் செல்வம். கிழக்கே எழுவான்கரை. கல்லடியிலிருந்து கல்முனை வீதி வழியே பஸ்ஸிற் செல்வோர் காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதைக் காண்பர். இடப்புறம் கடல், வலப்புறம் வாவி. இரண்டும் உப்பு. ஆயினும் நடுவேயுள்ள மணலைச் சில முழம் தோண்டினால் நன்னீர் ஊறுகின்றது! களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்கள் தழைப்பதும் இந்நீராலேதான்.

இவ்வதிசயத்தின் காரணம் எளியது. மாரி மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள கனத்த உப்புநீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது தாழ்ந்து நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்பு மேலெழும்.

மழை மட்டுமா மணலில் இறங்குகின்றது? குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், மலசலகூடக் குழியின் கசிவு ஆகிய யாவும் அதே மணலில்தான் இறங்குகின்றன. முன்னாளில் வளவுகள் விசாலமானவை. கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருக்க இடமிருந்தது. எங்கள் நாட்டு வழக்கமோ பெண்மக்களுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது. மூத்தவளுக்குத் தாய்வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்திற் புதுவீடு என்று வளவு துண்டாயிற்று. இன்று ஒருவர் வீட்டுக் குழி மற்றவர் வீட்டுக் கிணற்றுக்கு அயலாயிற்று. மணல் நல்ல வடிதான். கிருமிகளிற் பெரும்பகுதியை அது தடுக்கும், இடைவெளி போதுமானதாயின். ஆனால் நைத்திரேற்று என்னும் உப்பை அது தடுப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கே அதனால் ஆபத்து மிகுதி. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும்.

ஆக, கழிவுநீரைத் திரும்பப் பருகுவது எமக்குப் புதிதன்று. பெயர் சொல்லாமற் பருகி வருகின்றோம், அவ்வளவே.

பெயர் சொல்லிப் பருகுவோரும் உளர். ஆபிரிக்காவின் நமீபியாவிலுள்ள விந்தோக் நகரத்தார் 1968ஆம் ஆண்டு முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு கலந்து அருந்துகின்றனர். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டுத் தேசிய தின விழாவிலே பிரதமர் முதற் பொதுமக்கள்வரை பல்லாயிரவர் அத்தகைய நீரைப் போத்தலில் ஏந்திப் பருகினர். நுண்சவ்வு வழியே வடித்து, புறவூதாக் கதிரிற் காட்டிய அந்நீருக்கு ‘நியூவாட்டர்’ என்று பெயரிட்டனர். கழிவுநீர் என்ற சொல்லையே விலக்கிப் ‘பயன்படுத்திய நீர்’ என்றனர். பொதுமக்கள் வந்து பார்வையிட நிலையமும் திறந்தனர். அதன் பெரும்பகுதி ஆலைகளுக்கே செல்கின்றது. ஒரு சிறு பங்கே நீர்த்தேக்கத்திற் கலக்கின்றது. அவுஸ்திரேலியாவின் தூவும்பா நகரத்தாரோ, கொடிய வறட்சியின் நடுவே 2006ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 62 பேர் வீதம் வேண்டாமென்று தள்ளிவிட்டனர். சென்னையிற் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 450 இலட்சம் லீற்றர் வீதம் இவ்வாறு சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கின, அந்நீர் தொழிற்சாலைகளுக்கு.

தூவும்பா மக்களை அறியாதவர் என்று யாம் இகழ மாட்டோம். அருவருப்பும் ஒரு காவலே. தீர்த்தக் கிணற்றருகே எச்சில் துப்பாதே என்று பாட்டிமார் அதட்டியது நுண்கிருமி நூல் கற்றன்று. ஆனால் அக்காவல் கண்ணுக்குத் தெரிந்த அழுக்கையே கண்டு குரைக்கின்றது. மணலுக்குள் நடப்பதை அது காணாது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை இக்கரையைக் கடந்தபோது கிணறுகள் உப்பும் சேறும் ஆயின. உதவ வந்தோர் நன்னோக்கத்துடன் இயந்திரமிட்டு இறைத்தனர். மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலெழும் அபாயம் நேர்ந்தது. உண்மையிற் கிணறுகளைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழையே. நீர் இனித்த பின்னரும் பலர் அதைக் குடிக்கவில்லை. பவுசர் வரும்வரை வாளியுடன் வீதியிற் காத்திருந்தனர். காரணம் கேட்ட எமக்குக் கல்லடியில் ஒரு மூதாட்டியார், “தண்ணி நல்லாத்தான் இருக்கும் மனே, எண்டாலும் குடிக்க மனம் வருகுதில்ல” என்றார். பிணங்கள் கிடந்த மண்ணில் ஊறிய நீரல்லவா? அம்மனத்திற்கு எந்த ஆய்வுகூடமும் நற்சான்று வழங்க இயலாது. காலமே வழங்கிற்று.

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிற் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே வருகின்றது. மாடுகள் இறங்கி நீந்தும் குளந்தான் எனினும் அதனை எவரும் அருவருப்பதில்லை. குளமென்ற பெயரே போதும். குழாய் வந்தும் கிணறுகள் மூடப்படவில்லை, மூடவும் வேண்டியதில்லை. குளிக்கவும் பயிருக்கும் அவை வேண்டும். பருகுவதற்கு முன் வருடம் ஒரு தடவையேனும் நீரைப் பரிசோதிப்பித்து, குழந்தையுள்ள வீட்டில் அம்முடிவைத் தாய்மாருக்கு விளங்கச் சொல்லுதல் சுகாதாரப் பகுதியினருக்கும் எம்போன்ற ஆசிரியருக்கும் ஆகாத காரியமன்று.

யாமறிந்த ஒரு வளவிலே கிணற்றுக்கும் அயலவர் குழிக்கும் இடையே 11 காலடி தூரம் இருக்கின்றது. அவ்வீட்டார் தேநீருக்கு இன்றும் கிணற்று நீரையே அள்ளுகின்றனர். குழாய் நீரில் மருந்து மணக்கின்றதாம்.