பளிங்குத் தரையும் பத்து மாத அட்வான்ஸும்

எங்கள் திருவையாற்றுப் பக்கத்தில் வயலைக் குத்தகைக்குப் பேசும்போது முதலில் கேட்கிற கேள்வி, "தண்ணி எப்படி வருது?" என்பதுதான். தலைமடையா, கடைமடையா என்று தெரிந்த பிறகே மாவுக்கு எத்தனை மூட்டை நெல் என்ற பேச்சு வரும். பட்டணத்தில் பெரிய வாடகைக்கு ஃபிளாட் பார்க்கிறவர்கள் மட்டும் ஏனோ தண்ணீரைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்!

போன வருஷம் என் பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு தேடினார்கள். கையில் எட்டு மாசக் குழந்தை. நானும் கூடப் போனேன். பளிங்குத் தரை, மூன்று படுக்கையறை, லிஃப்ட், மொட்டைமாடியில் நீச்சல் குளம். "இதையே முடிச்சிடலாம்மா" என்று என் பெண் பூரித்துப் போனாள். வாடகை மாதம் 60,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 6 லட்சம்! பராமரிப்புச் செலவு தனி.

"நகையை பேங்க்ல வச்சுப் புரட்டிடலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அறுவடைக்கு அறுவடை, நெல் விற்ற பணத்தில் அவளுக்கென்று நாங்கள் சேர்த்த நகை அது. வயிறு பகீரென்றது. ஆனாலும் மாப்பிள்ளை மனம் கோணாமல் பேச வேண்டுமே! "ஒரு வாரம் டயம் கேளுங்க மாப்பிள்ளை, விசாரிச்சுட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. சூட்சுமம் அந்த 'வேறு விதமாக' என்பதில்தான். பத்து மாதத்துக்கு நாமே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டம் பேசினால் எடுபடுமா? பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2019 ஜூனிலோ சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டே போயின. காவிரித் தண்ணீர் கொள்ளிடம், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. நம் ஆற்றுத் தண்ணீர் போயும், அந்த ஊருக்குப் போதவில்லை பாருங்கள்!

அந்த ஃபிளாட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "போர் தண்ணி உப்பும்மா. வெயில் காலத்துல லாரிதான், அதுக்குக் காசு தனி" என்றாள். குழந்தைக்கென்று நினைத்திருந்த அறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் காத்து, பூசணம் பூத்திருந்தது. கைக்குழந்தையின் மூச்சுக்கு அது ஆகுமா?

எட்டு மாத அட்வான்ஸுக்குக் கீழே வீட்டுக்காரர் இறங்கவில்லை. கடைசியில் மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை வீடு அமைந்தது. வாடகை 38,000; அட்வான்ஸ் மூன்று மாதம். பளிங்கு இல்லை, காலை வெயில் கூடம் வரை வருகிறது. என் பெண்ணின் முகம் ஒரு வாரம் வாடித்தான் இருந்தது. நகை பெட்டியில் இருக்கிறது.

இளம் தாய்மார்களே, வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை ருசி பாருங்கள். அலமாரியை நகர்த்திச் சுவரைத் தொடுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் சேர்த்தியா, காலி செய்தால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொடுக்கிற பணம் நம்முடையது. அந்த வீட்டில் வளரப்போவது நம் குழந்தை.