பொறுத்தவர் இழக்கும் கூலி

கடன் சுமை தாங்காது ஒருவர் நொடித்துப் போனால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்பது தமிழர் வழக்கு. அச்செய்தி கேட்டுப் பதறுவோர் பணம் கொடுத்தவர் மட்டுமல்லர். உழைப்பைக் கொடுத்தவரும் உளர். மாத முடிவில் வரும் சம்பளத்தை நம்பி மாதம் முழுவதும் உழைத்துவிடும் தொழிலாளியும் கடன் கொடுத்தவனே. முதலாளி நொடிக்கும்போது அவனுடைய கடன் என்னாகிறது?

செந்தூலில் இரயில்வே பட்டறையை நம்பி வாழ்ந்த தலைமுறைக்கு இக்கேள்வி எழவில்லை. அவர்களுடைய முதலாளி அரசாங்கம். சம்பள நாள் தவறுவதில்லை. பட்டறையின் காலம் முடிந்தது. அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குத்தகை நிறுவனங்களிலும் உணவகங்களிலும் சிறு தொழிற்கூடங்களிலும் வேலை செய்கின்றனர். அங்கே முதலாளியும் நொடிக்கக்கூடும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1939இல் தோன்றிய உத்துசான் மெலாயு நாளேட்டு நிறுவனம் 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கதவடைத்தபோது, அதன் ஊழியர்கள் சம்பள பாக்கியோடு வெளியேறினர்.

சட்டம் தொழிலாளியை முற்றிலும் மறந்துவிடவில்லை. நீதிமன்ற ஆணையால் முதலாளியின் சொத்து விற்கப்படும்போதும், அடமானம் பெற்றவர் வேலைத்தலத்தையே விற்கும்போதும், தொடர்ச்சியான நான்கு மாதங்கள் வரையிலான சம்பள பாக்கிக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு முன்னுரிமை தருகிறது. நிறுவனம் கலைக்கப்படும்போது, கலைப்புச் செலவு போக அடுத்த இடம் சம்பளத்துக்கே. அம்முன்னுரிமைக்கு 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 1,500 வெள்ளி வரம்பிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 15,000 வெள்ளியாக உயர்த்தியது. ஆயினும் கலைப்புக்கு முந்திய நான்கு மாத உழைப்பே அக்கணக்கில் சேரும்.

இந்த நான்கு மாத எல்லையிலேதான் ஏழையின் இழப்பு ஒளிந்திருக்கிறது. மாதம் 2,000 வெள்ளி பெறும் ஒருவருக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி என்று கொள்வோம். மொத்தம் 14,000 வெள்ளி. வரம்புக்கு உட்பட்ட தொகையே. எனினும் 8,000 வெள்ளிக்கே முன்னுரிமை உண்டு. எஞ்சிய 6,000 வெள்ளி, சரக்குக் கொடுத்த வணிகரோடு வரிசையில் கடைசியில் நிற்கும். நிறுவனம் கலைந்து மறைந்தபின் அதனைக் கேட்க ஆளில்லை.

தனி ஒருவரே முதலாளியாக இருந்து திவாலானாலோ நிலை இன்னும் வியப்புக்குரியது. 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி, அவர் திவால் நிலையிலிருந்து விடுவிக்கப்படும்போது பழைய கடன்களும் அவரை விட்டு நீங்குகின்றன. அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் விளைந்த கடனும் நீங்குவதில்லை. வெறும் சம்பள பாக்கி அவ்விலக்கில் இடம்பெறவில்லை. அரசின் கடன் பிழைத்திருக்க, உழைத்தவன் கூலி மடிந்துபோகிறது! உழைப்பும் வரியும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை அன்றோ?

பிற நாடுகள் வேறு வழி கண்டுள்ளன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம், நிறுவனம் கலைக்கப்படும்போது, தொழிலாளரின் 24 மாத நிலுவையை அடமானம் பெற்றவர் கடனுக்குச் சமமாக வைத்தது. ஹாங்காங் 1985இல் ஒரு தனி நிதியமே அமைத்தது. முதலாளி கைவிட்ட சம்பளத்தை அந்நிதியம் ஒரு வரம்புக்குள் வழங்குகிறது. மலேசியாவில் 2018 முதல் நடப்பிலுள்ள வேலைக் காப்புறுதித் திட்டம் வேலையிழந்தவருக்குக் கைகொடுக்கிறது. பழைய சம்பள பாக்கியைத் தீர்ப்பது அதன் பணியன்று.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது பழமொழி. சம்பள விஷயத்தில் அது பொய்த்துவிடுகிறது. முதலாளியின் மனம் நோகுமே என்றும், நல்ல காலம் வருமே என்றும் ஏழெட்டு மாதம் பொறுத்தவர், நான்கு மாதத்துக்கு அப்பாற்பட்டதைப் பெரும்பாலும் இழக்கிறார். விசுவாசம் மிகுந்தவருக்கே இழப்பும் மிகுதி. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி தரப்பட வேண்டும் என்பது சட்டம். அந்நாள் தவறியதும் தொழிலாளர் இலாகாவில் முறையிடுவது நன்றி மறத்தல் ஆகாது. கலைப்பு ஆணை பிறந்தபின் வழக்குத் தொடரவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். கலைப்பாளரிடம் கடன் சான்று அளித்துக் காத்திருக்க நேரிடும்.

சட்டம் திருந்தவேண்டும் என்பதில் ஐயமில்லை. அதுவரை அறிவே காப்பு. விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கும் தமிழ் வகுப்பில், சம்பள பாக்கிக்கான முறையீட்டையும் ஒரு பயிற்சியாக வைக்கலாம். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தவும், நாளும் தொகையும் குறித்துத் தெளிவாக எழுதவும் அறிந்த மாணவன், தன் தந்தையின் உழைப்பு நான்கு மாத எல்லையைத் தாண்டி வீணாகாமல் காக்க வல்லவன் ஆவான்.