தோளில் காகம், கல்லில் சுருள்... டாட்டூ சின்னங்கள் பிறந்த ஊரில் ஒரு சுற்று!

டாட்டூ கடை ஆல்பத்தைப் புரட்டினால் 'செல்டிக்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். மூன்று சுருள்கள், மூன்று மூலை முடிச்சு, வளையம் போட்ட சிலுவை, காகம், வேரும் கிளையும் பின்னிய மரம். ஒவ்வொன்றுக்கும் கீழே 'நித்தியம்', 'வலிமை', 'தாய்மை' என ஒரே சொல்லில் பொருள். அப்பா நினைவாக, குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் என்று ஆயுளுக்கும் அழியாமல் குத்திக்கொள்கிற சின்னம் அது. அந்தப் பொருள் உண்மைதானா?

தெரிந்துகொள்ள அயர்லாந்துக்குத்தான் போக வேண்டும். டப்ளினில் தங்கிக்கொண்டால் இரண்டு, மூன்று நாளில் பார்த்துவிடலாம்.

மூன்று சுருள்

டப்ளினுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், பாய்ன் நதிக்கரையில் இருக்கிறது நியூகிரேஞ்ச். புல் போர்த்திய மேடு; 85 மீட்டர் அகலம். கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கிசா பிரமிடுகளைவிட மூத்தது! வாசலில் கிடக்கும் பெரிய கல் முழுக்கச் சுருள் சுருளாகச் செதுக்கியிருக்கிறார்கள். 19 மீட்டர் நீளமுள்ள குறுகலான பாதையில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனால், ஈமச்சாம்பல் வைத்த அறை. அதன் சுவரில் இருக்கிறது, டாட்டூவில் நாம் பார்க்கும் அதே மூன்று சுருள்.

டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்கள், விடிகாலை வெயில் வாசலுக்கு மேலே உள்ள திறப்பு வழியாக நுழைந்து இந்த அறையைத் தொடும். 17 நிமிடம்தான். 1967-ல் தொல்லியல் அறிஞர் ஓ'கெல்லி இதை நேரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் உள்ளே நிற்க இப்போது குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், இது செல்டிக் சின்னமே இல்லை. செல்டிக் மொழி அயர்லாந்துக்கு வந்தது இதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. பின்னால் வந்தவர்கள் இந்த மேட்டைத் தங்கள் கடவுள் தக்தாவின் வீடாகக் கதை சொன்னார்கள். 'உடல், மனம், ஆன்மா' என்ற விளக்கமெல்லாம் நம் காலத்தில் சேர்ந்தது. செதுக்கியவர்கள் ஒரு வார்த்தைகூட எழுதிவைக்கவில்லை.

முடிவில்லா முடிச்சு

டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 'புக் ஆஃப் கெல்ஸ்' இருக்கிறது. கி.பி. 800 வாக்கில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய லத்தீன் நற்செய்தி நூல், 680 பக்கங்கள். பெரிய எழுத்துகளுக்குள் பாம்பும் பறவையும் நூலிழையாகப் பின்னிக் கிடக்கின்றன. ரோமானியர்களின் தரைச் சித்திரங்களிலும் இப்படிப் பின்னல் உண்டு.

மூன்று மூலை முடிச்சான 'ட்ரைக்வெட்ரா'வைக் கிறிஸ்தவர்கள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்பார்கள். கன்னி, தாய், மூதாட்டி என்று சொல்பவர்களும் உண்டு. அந்த மூன்று முகத் தேவியைப் பிரபலமாக்கியது ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948-ல் எழுதிய புத்தகம். அதாவது, முடிச்சுக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். அந்த விளக்கத்துக்கு நூறுகூட ஆகவில்லை!

காகமும் நாயும்

கதையோடு பிறந்த சின்னங்களும் இருக்கின்றன. டப்ளின் ஓ'கானல் தெருவில் உள்ள தலைமை அஞ்சலகத்தில், 1916 எழுச்சியின் நினைவாக 1935-ல் வைத்த வெண்கலச் சிலை ஒன்று உண்டு. செய்தவர் ஆலிவர் ஷெப்பர்ட். தலை சாய்ந்த வீரன், தோளில் ஒரு காகம்.

அவன் பெயர் கூ குலின். சிறுவனாக இருந்தபோது குலன் என்ற கொல்லரின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, 'வேறு நாய் வளரும்வரை நானே காவல் நிற்கிறேன்' என்றானாம். 'குலனின் நாய்' என்பதே பெயராகிவிட்டது. கடைசிப் போரில் குற்றுயிரானபோது, நின்றபடியே சாக வேண்டும் என்று ஒரு கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டான். காகம் தோளில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எதிரிகள் கிட்டே வரத் துணிந்தார்கள். போர்த் தேவதை மோரிகன் காக உருவில் வருவாள் என்பது நம்பிக்கை.

ஆக, வேட்டைநாய் என்றால் கொடுத்த வாக்கு. காகம் என்றால் போரும் சாவும். இந்தப் பொருள் பழைய கதையிலேயே இருக்கிறது. 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் நினைத்துக் காகத்தைக் குத்திக்கொள்பவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

மரம்

'உயிர் மரம்' டிசைன் புதுசு. மரத்தின் மீதான பக்தி பழசு. ஐரிஷ் குலங்கள் தங்கள் புனித மரத்தடியில்தான் அரசனுக்கு முடிசூட்டின. எதிரியை அவமானப்படுத்த அவன் மரத்தை வெட்டினார்கள். க்ளேர் பகுதியில் தால் காஷ் குலத்தின் மரத்தை மேல் ஷெக்னால் என்ற அரசன் 10-ம் நூற்றாண்டில் வெட்டிச் சாய்த்ததை வரலாற்றுக் குறிப்புகளே சொல்கின்றன.

சிலுவையில் ஓர் எச்சரிக்கை

நியூகிரேஞ்சிலிருந்து வடக்கே போனால் மொனாஸ்டர்பாய்ஸ். அங்கே ஐந்தரை மீட்டர் உயரத்தில் முய்ரெதாக் சிலுவை, உடம்பெல்லாம் பைபிள் காட்சிகளோடு நிற்கிறது. நடுவில் உள்ள வளையம் சூரியன் என்கிறார்கள் சிலர். கல் கைகள் உடையாமல் தாங்கத்தான் என்கிறார்கள் வேறு சிலர்.

கவனம் தேவைப்படுவது, வட்டத்துக்குள் நான்கு கைகளும் சம அளவில் உள்ள எளிய வடிவத்தில். அதை வெள்ளை இனவெறிக் குழுக்கள் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன. படிக்கவோ வேலைக்கோ ஐரோப்பா போகும் பிள்ளைகள் கையில் அது இருந்தால், தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

கிளம்பும் முன்...

நியூகிரேஞ்சுக்கு நேரடியாகப் போக முடியாது; பார்வையாளர் மையத்திலிருந்து அவர்களுடைய பஸ்தான். முன்பதிவு அவசியம். அறைக்குள் படம் எடுக்கக் கூடாது. வாசல் கல்லைத் தாராளமாக எடுக்கலாம். டாட்டூ போடுவதாக இருந்தால், ஆல்பத்தை விட்டுவிட்டு அந்தப் படத்தையே கலைஞரிடம் காட்டுங்கள். யாராவது பொருள் கேட்டால், 'இது 5,000 வருஷப் பழைய கல்லில் இருந்தது, பொருள் மட்டும் நான் வைத்தது' என்று சொல்லிக்கொள்ளலாம்.