ஆக்ஸிமீட்டர் 99 காட்டியது

கொஞ்சம் நீளமான த்ரெட். மழைக்காலத்துல கேரவன், வேன் எடுத்துட்டு குடும்பத்தோட கிளம்புறவங்க பொறுமையா படிங்க. இதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு.

போன நவம்பர். காத்தழுத்தத் தாழ்வுன்னு அறிவிப்பு வந்து, காசிமேட்டுல போட் எல்லாம் கட்டியாச்சு. கடலுக்குப் போகாத நாள்ல எங்க வீட்டு ஆம்பளைங்களை வீட்டுக்குள்ள வெச்சிருக்க முடியாது. "திருச்செந்தூர் போலாம், அப்டியே அந்த செவப்பு மணல் பாலைவனத்தையும் பாத்துட்டு வந்துடலாம்"னு பெரியப்பா ஆரம்பிச்சார். 19 பேர், ரெண்டு டெம்போ டிராவலர். தங்கச்சி நாலு மாச கர்ப்பம், படுத்துட்டு வரட்டும்னு வாடகைக்கு ஒரு கேரவன். கேரவன்னா நமக்கு சினிமா ஷூட்டிங்தானே? தெருவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

தேரிக்காடு தெரியாதவங்களுக்காக: திருச்செந்தூர் பக்கத்துல குதிரைமொழி, காயாமொழி சுத்துவட்டாரம். இரும்பு ஆக்சைடு படிஞ்சதால செக்கச்செவேல்னு இருக்கிற மணல் மேடுகள். நடுவுல பனையும் முந்திரியும். எவ்ளோ மழை பெஞ்சாலும் மண்ணு குடிச்சிடும். ஆனா சுத்தி இருக்கிற ரோடு அப்படி இல்ல. 2023 டிசம்பர்ல பக்கத்து காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின ஏரியா அது. அதனால இருட்டினதும் மழை வலுக்க, "இனிமே வண்டி நகரக் கூடாது"ன்னு முடிவு பண்ணி, மேடான ஒரு பனந்தோப்பு ஓரமா மூணு வண்டியையும் நிறுத்திட்டோம்.

கேரவன்ல நான், மனைவி, தங்கச்சி, அத்தை, அண்ணன் பையன் (6 வயசு). ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடுது. சாரல் அடிக்குதுன்னு டிரைவர் ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடிட்டு, ஜெனரேட்டர் நனையக் கூடாதுன்னு அது மேல தார்ப்பாயும் போத்திட்டார். நல்ல மனுஷன், நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சார்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். தங்கச்சி வாந்தி எடுத்தா. கர்ப்பம்தானேன்னு நினைச்சேன். பையன் தலை வலிக்குதுன்னு அழுதான். அத்தை "மத்தியானம் சாப்பிட்ட மீனு சரியில்ல"ன்னாங்க. எனக்கும் மண்டை பிளக்குது. பையில இருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்து மாட்டினேன். தங்கச்சிக்கு 99. பையனுக்கு 98. "ஒண்ணும் இல்ல, தூங்குங்க"ன்னு வாந்திக்கு ஒரு மாத்திரை குடுத்துட்டு நானும் படுத்துட்டேன்.

இதை எழுதவே வெட்கமா இருக்கு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஹீமோகுளோபினில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த விஷம் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் ஒன்றாகவே எண்ணி 99 என்று காட்டும். எம்பிபிஎஸ்ஸில் படித்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய என் மூளையும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது, டிராவலர்ல படுத்திருந்தார். குடை கேட்டு கேரவன் கதவைத் தட்டினார். நான் எழுந்து திறக்க ரொம்ப நேரம் ஆச்சாம்.

"இன்னாடா, குடிச்சவன் மாரி தள்ளாடுற?"

"தலைவலி பெரியப்பா. எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?" உள்ள தலையை விட்டுப் பாத்தார். முப்பது வருஷம் போட் ஓட்டினவர். "இன்ஜின் பொகை கேபின்ல ஏறினா எங்களுக்கு இப்டித்தான்டா இருக்கும். வெளிய வாங்கடா மொதல்ல!"

அப்பதான் எனக்கு வடகரை ஞாபகம் வந்துச்சு. 2024 டிசம்பர்ல, கேரளாவுல வடகரையில ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகை உள்ள வந்ததுதான் காரணம்னு கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் சோதிச்சு சொன்னாங்க. அதைப் படிச்சிட்டு பேஷன்ட்ஸ்கிட்ட பேசினவன்தான் நான்.

கொட்டுற மழையில எல்லாரையும் வெளிய இழுத்தோம். அத்தையால நிக்க முடியல, பெரியப்பா தோள்ல தூக்கிட்டு வந்தார். ஜெனரேட்டரை நிறுத்தி, 108க்கு அடிச்சோம். அரசு மருத்துவமனையில விஷயத்தைச் சொன்னதும், ஆக்ஸிமீட்டரைப் பாத்துட்டு நிக்காம அஞ்சு பேருக்கும் மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் குடுத்தாங்க. சாதாரணக் காற்றில் இந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். வயித்துக் குழந்தைக்கு இன்னும் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் தங்கச்சிக்கு மட்டும் ரொம்ப நேரம் நீட்டினாங்க. அவ என் முகத்தையே பாத்துட்டிருந்தா. "நீ தூங்குன்னு சொன்னியேண்ணா"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல்ல பொண்ணு பொறந்தா. நல்லா இருக்கா. "டாக்டருக்குப் படிக்க வெச்சவனும் நானு, டாக்டரைக் காப்பாத்துனவனும் நானு"ன்னு பெரியப்பா காசிமேடு முழுக்க சொல்லிட்டு திரியுறார். மறுக்க முடியல.

வண்டியில ஒருத்தருக்கு மேல ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, மயக்கம்னா மீனையும் பிரியாணியையும் அப்புறம் திட்டலாம். முதல்ல எல்லாரும் வெளிய வந்துடுங்க, மழையா இருந்தாலும். ஜெனரேட்டரை வண்டியை விட்டு 20 அடியாவது தள்ளி வைங்க. வண்டிக்குள்ளயே பொருத்தினதுன்னா, தூங்கும்போது ஓட்டவே வேண்டாம். வாடகை பேசும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு கேளுங்க.

ஊர் திரும்பினதும் வண்டி ஓனருக்கு போன் பண்ணி அதைத்தான் கேட்டேன். "ஏசி நல்லா கூலிங் ஆச்சுல்ல சார்?"ன்னார்.