கூரியர் பையனும் ரெண்டு 14-ம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். (கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலத்துலேர்ந்து பஸ் புடிச்சு வரணும்.) உள்ள நுழைஞ்சதுமே அம்மா, "நீ அனுப்புன பிரஷர் மிஷினு கடைசி வீட்டுக்குப் போயிடுச்சுடா"ன்னாங்க.

எங்க வீட்டுக்குப் பழைய நம்பர் 14, புது நம்பர் 31. பழக்கதோஷத்துல 14-னு எழுதிட்டேன். போஸ்ட்மேனா இருந்தா மனசுக்குள்ளயே 31 ஆக்கி நம்ம வீட்டுல குடுத்திருப்பாரு. கூரியர் பையன் புதுசு. சுவத்துல 14-னு இருந்த வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டான்.

அம்மா சிரிச்சாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

நம்ம பொட்டி தட்டுற கதை இது மக்கா. ஒரு சின்ன ஆர்ம் போர்டு. அதுல ஒரு பக்கம் லினக்ஸ், இன்னொரு பக்கம் மோட்டார் ஓட்டுற குட்டி ஓஎஸ். நடுவுல ஹைப்பர்வைசர். புரோகிராம் சொல்ற அட்ரஸை லினக்ஸ் ஒரு தடவை மாத்தும். அது 'நிஜம்'னு நம்புற அட்ரஸை ஹைப்பர்வைசர் போட்டு வெச்ச டேபிள் இன்னொரு தடவை மாத்தும். டேபிள்ல இல்லாத இடத்தைத் தொட்டா ஃபால்ட்டு. ஒருத்தர் வீட்டுக்குள்ள இன்னொருத்தர் நுழைய முடியாது.

அப்படியும் மோட்டார் பக்கம் அப்பப்ப படுத்துடும். அந்தக் கோடு எழுதினது டீமுக்குப் புதுசா வந்த பையன். ஒரு வாரம் அவனை வறுத்தெடுத்தேன். "அண்ணா, என் கோடு அந்த இடத்தைத் தொடவே இல்லண்ணா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். "அப்ப பேயா வந்து தொட்டுச்சு?"ன்னேன்.

பேய் இல்ல, டிஎம்ஏ. நெட்வொர்க் சிப்பு சிபியூவைக் கேக்காம நேரா மெமரியில எழுதும். டேபிள் அதுக்குக் கிடையாது. லினக்ஸுக்கு ரெண்டு துண்டா மெமரி குடுத்திருந்தேன். முதல் துண்டுல பழைய நம்பரும் புது நம்பரும் ஒண்ணு. ரெண்டாவது மட்டும் இடம் மாறினது. லோடு ஏறினா பஃபர் அங்கேர்ந்து போகும். லினக்ஸ் தன்னோட 14-ஐச் சொல்லும், சிப்பு நிஜ 14-ல போய்க் கொட்டும். அது மோட்டாரோட வீடு. டேபிள் போட்டது நான் :-(

கூரியருக்கும் டேபிள் வெக்கிறதுதான் ஐஓஎம்எம்யூ. எங்க போர்டுல அது இல்ல. இல்லாத போர்டுக்காகத்தான் ஆர்ம்ல ஜென் ஹைப்பர்வைசர்கூட டாம்-0-வுக்கு மெமரியை ஒண்ணுக்கு ஒண்ணாவே குடுக்குது. நானும் அப்படியே மாத்திட்டேன். ஆனா லினக்ஸ் தப்பான நம்பர் சொன்னா இப்பவும் தடுக்க ஆளில்ல. அது பூட்டு இல்ல, வெறும் நம்பிக்கை. சென்னை ஐஐடியோட 'சக்தி' பிராசஸர் இருக்கே, அந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்துலயும் ஹைப்பர்வைசருக்கான விதிகள் 2021-ல முடிவாச்சு, ஐஓஎம்எம்யூ விதிகள் 2023-லதான்.

அன்னிக்கு ராத்திரியே அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "தப்பு என்மேலதான்டா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அந்த ஒரு வாரமும் நான் தூங்கலண்ணா"ன்னான்.

பிரஷர் மிஷினை மறுநாள் கடைசி வீட்டு அத்தையே கொண்டாந்து குடுத்துட்டாங்க. அந்த ஒரு வாரத்தை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னுதான் தெரியல.